வளவும் வழியும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அரசர் பெயர்களையும் போர்க்களங்களையும் தேடிச் செல்வது வழக்கம். ஒரு கிராமத்தின் வரலாற்றை அறிதற்கு அவ்வளவு தூரம் செல்லவேண்டுவதில்லை. அவ்வூரிற் பெரிய வீடு எது, அதனைக் கட்டுதற்குரிய பொருள் எங்கிருந்து வந்தது, கட்டியவர் மறைந்தபின் அது யார் கைக்குச் சென்றது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்போமாயின், ஊரின் கதையிற் பெரும்பகுதி தானே வெளிப்பட்டுவிடும்.

தமிழில் ‘வளவு’ என்றொரு சொல் உண்டு. கல்முனை, மருதமுனைப் பகுதியிலுள்ள எம்மவர்க்கு அது வேலி சூழ்ந்த வீட்டு நிலம். செட்டிநாட்டார்க்கு அது வீட்டின் நடுவேயுள்ள முற்றமும் அதனைச் சூழ்ந்த கட்டும். சிங்கள மக்கள் தம் பெருங்குடும்பத்தாரின் மனையை ‘வளவ்வ’ என்பர். நிட்டம்புவைக்கு அண்மையிலுள்ள ஹொரகொல்லை வளவு, பண்டாரநாயக்க குடும்பத்தாரின் மனையாதலின் யாவரும் அறிந்தது. சொல் ஒன்றாயினும் அது சுட்டும் வாழ்க்கை முறைகள் வேறு வேறு. அவ்வேறுபாட்டிற்கு அடிப்படையாவது உரிமை செல்லும் வழியே என்பதை மூன்று நாட்டுப் பெருவீடுகளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இங்கிலாந்தை நோக்குவோம். 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் அந்நாட்டைக் கைப்பற்றியபின், வில்லியம் மன்னன் தன் நாட்டிலுள்ள நிலங்களையும் அவற்றை ஆள்வோரையும் கணக்கெடுப்பித்தான். 1086 இல் நிகழ்ந்த அக்கணக்கெடுப்பின் பேறே ‘டூம்ஸ்டே’ ஏடு. அதன்கண் ‘மேனர்’ எனப்படும் பண்ணைகள் பல குறிக்கப்பட்டுள்ளன. மேனர் என்பது வெறும் மாளிகையன்று. பிரபுவின் சொந்த நிலம், குடியானவர் பயிரிட்ட வயல், யாவர்க்கும் பொதுவான மேய்ச்சற்றரை, காடு, வழக்குத் தீர்க்கும் மன்று ஆகிய யாவும் அடங்கிய ஓர் அமைப்பாகும். குடியானவன் தன் துண்டு நிலத்துக்கு வாடகையாகப் பிரபுவின் நிலத்தில் உழைத்தான். நொட்டிங்ஹம்சயரிலுள்ள லக்ஸ்ரன் என்னும் ஊரில் அப்பழைய திறந்த வயல் முறை இன்றும் வழங்குகின்றது. ஏனைய ஊர்களில், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பாராளுமன்றச் சட்டங்கள் வாயிலாகப் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டன. பெரியவீடு மேலும் பெரிதாயிற்று. மேய்ச்சற்றரை இழந்த ஏழை உழவன் கூலியாளானான்.

இனி ஓர் ஊரைத் தனியே எடுத்துக் காண்போம். ஹம்ப்சயர் மாவட்டத்தில் ஓல்ரன் என்னும் பட்டினத்துக்கு அருகே சோட்டன் என்றொரு சிற்றூர் உளது. ஆங்கில இலக்கியம் கற்போர் அதன் பெயரை அறிவர். அங்கு நைற் என்னும் குடும்பத்தார் பதினாறாம் நூற்றாண்டில் எழுப்பிய மாளிகையும், அதன் பக்கத்தே தேவாலயமும், வீதியோரத்தே ஒரு சிறு வீடும் உள. மாளிகைக்குரிய தோமஸ் நைற் என்பார்க்குப் பிள்ளை இல்லை. அதனால் அவர் தம் உறவினரான ஒரு பாதிரியாரின் புதல்வருள் எட்வேட் என்பவரைச் சுவீகாரம் கொண்டார். காலப்போக்கிற் சோட்டன் மாளிகையும் கென்ற் மாவட்டத்திலுள்ள கொட்மர்ஷம் மாளிகையும் எட்வேட்டுக்கு உரியனவாயின.

அவ்வெட்வேட்டின் தங்கையே நாவலாசிரியர் ஜேன் ஒஸ்ரின். 1805 இல் தந்தையார் இறந்தபோது, அவருடைய மனைவிக்கும் மணமாகாத இரு புதல்வியர்க்கும் தமக்கென ஒரு வீடு இருக்கவில்லை. நான்காண்டு காலம் அவர்கள் உறவினர் வீடுகளிலும் வாடகை வீடுகளிலுமாக வாழ்ந்தனர். 1809 இலேயே எட்வேட் சோட்டனின் வீதியோரச் சிறு வீட்டை அவர்கட்கு வாழக் கொடுத்தார். ஜேன் அங்கு எட்டாண்டுகள் வாழ்ந்தார். அவருடைய நான்கு நாவல்கள் 1811 முதல் 1815 வரை அங்கிருந்தே வெளிவந்தன. 1817 இல் அவர் வின்செஸ்ரரிற் காலமானார்.

1813 இல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ என்னும் நாவலின் கதைமுடிச்சு யாது? ஐந்து புதல்வியரைப் பெற்ற தந்தைக்கு ஆண்பிள்ளை இல்லை. ஆகவே அவர் மறைவின்பின் வீடும் நிலமும் ஆண்வழி உறவினன் ஒருவனைச் சென்றடையும். புதல்வியர்க்குத் திருமணமன்றி வேறு புகலில்லை. ஆங்கிலேயப் பெருங்குடும்பங்கள் நிலம் சிதறாவண்ணம் மூத்த மகனுக்கே யாவற்றையும் விட்டுச்செல்லும் முறையைக் கைக்கொண்டமையே இதற்குக் காரணம். அம்முறையினாலேயே மாளிகைகள் நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் உடையாது நின்றன. மாளிகை நிலைத்ததற்குரிய விலையை அவ்வீட்டுப் பெண்களும் இளைய புதல்வர்களும் செலுத்தினர் என்க.

ஆயினும் அம்மாளிகைகளும் காலத்தை வென்றில. 1870 களின் பின் அமெரிக்கத் தானியம் மலிந்து வந்தது, நிலவருவாய் வீழ்ந்தது. 1894 இல் இறப்பு வரி விதிக்கப்பட்டது. இரு உலகப் போர்கள் வேலையாட்களையும் வாரிசுகளையும் கொண்டுசென்றன. இருபதாம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. சோட்டன் மாளிகை தப்பிப் பிழைத்தது. 1993 இல் அது நீண்ட காலக் குத்தகைக்கு விடப்பட்டு, 2003 இல் முற்காலப் பெண் எழுத்தாளரின் நூல்களுக்குரிய நூலகமாகத் திறக்கப்பட்டது. பெண்ணுக்கு உரிமை மறுத்த வழிமுறையால் நிலைபெற்ற மாளிகை, பெண்ணின் எழுத்தைக் காக்கும் மனையாக மாறியமை வரலாற்றின் விந்தையே.

இரண்டாவதாகச் செட்டிநாட்டை நோக்குவோம். தமிழ்நாட்டின் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களிற் பரந்துள்ள அந்நிலம் வானம் பார்த்த பூமி. நெல் கொழிக்கும் வயல்கள் அங்கு இல்லை. அவ்வாறிருக்க, காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் ஒரு வீதியில் முகப்பும் மறுவீதியிற் பின்கட்டுமாக நிற்கும் பெருவீடுகள் எழுந்தது எங்ஙனம்? பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் நகரத்தார் நடாத்திய வட்டித்தொழிலே அதற்கு விடை. கொழும்பிலுள்ள செட்டியார் தெரு இன்றும் அவ்வரலாற்றின் சான்றாக உளது. பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக்கல்லும், உள்ளூர் ஆத்தங்குடி ஓடும் அவ்வீடுகளில் ஒன்றுசேர்ந்தன. கானாடுகாத்தானில் அரண்மனை எனப்படும் மனை ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் குடும்பத்துக்குரியது. 1929 இற் சிதம்பரத்தில் அவர் தாபித்த பல்கலைக்கழகத்தில், எம் அயலூராகிய காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931 இல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். செட்டிநாட்டுச் செல்வத்தின் ஒரு துளி கல்வியாகி எம் கரையோரத்துக்கும் பெருமை தந்தது என்று கூறுதல் மிகையாகாது.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே அதன் உரிமைமுறையைப் பேசும். நடுவே வளவு, அதனைச் சூழ மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. மணமான ஒவ்வொரு தம்பதியும் ‘புள்ளி’ எனத் தனியே கணக்கிடப்படுவர். வீடு ஒன்று, உலை பல. புதல்வர் அனைவரும் பங்காளிகள். சீரும் நகையும் பெற்றுச் சென்ற பெண் பிறந்தவீட்டிற் பங்கு பெற்றிலள். இங்கிலாந்தில் மூத்த மகன் ஒருவனுக்குச் சென்ற உரிமை இங்குப் புதல்வர் எல்லார்க்கும் சென்றது என்பதே வேறுபாடு.

1930 அளவில் உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. பர்மாவில் நெல் விலை சரிந்தது. கடனைத் தீர்க்கவியலாத உழவரின் நிலம் செட்டியார்களின் கைக்கு வந்தது. பணமாக மீளவேண்டிய பொருள் விற்கவியலாத வயலாக நின்றது. 1942 இல் யப்பானியப் படையெடுப்பும், 1948 இல் பர்மிய அரசின் நிலத் தேசியமயச் சட்டமும் அச்செல்வத்தின் வேரை அறுத்தன. அதன்பின் வீடுகளைப் பேண வழியில்லாதொழிந்தது. பங்காளிகள் பலராதலின் ஒருவரும் தனியே செப்பனிட முன்வரவில்லை. விற்கவும் எல்லார் கையொப்பமும் வேண்டியதாயிற்று. தூண்களும் கதவுகளும் கழற்றப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்குச் சென்றன. எங்கோ ஓர் உழவன் பட்ட கடன்மேல் எழுந்த வீடு, அவ்வுழவன் வீழ்ந்தபோது தானும் வீழ்ந்தது.

இனி எம் கரையோரத்தை நோக்குவோம். கிழக்கே கடல், மேற்கே வயல். இடையே ஒடுங்கிய மணற்றரையில் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. பெருநிலம் உடையார் ‘போடியார்’ எனப்பட்டனர். அவர்தம் வயலிற் களமும் வாடியும் இருந்தன, முல்லைக்காரர் உழைத்தனர். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், குத்தகை உழவர்க்குப் பாதுகாப்பளித்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமும், நெற்காணி உடைமைக்கு 25 ஏக்கர் என எல்லை வகுத்த 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் போடியாரின் பழைய நிலையை மாற்றின. ஆயின், சட்டங்கள் வருமுன்னரும் சோட்டனைப் போன்றதொரு மாளிகை இங்கு எழவில்லை. போடியாரின் கல்வீடு அயலவர் வீட்டிற் பெரிதாயிருந்ததேயன்றி, நூற்றாண்டுகள் ஒரே பெயரில் நிலைத்த மாளிகையாக வளரவில்லை. காரணம் என்ன?

காரணம், இங்கு வீடு பெண்வழிச் செல்வது. இப்பகுதித் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி தாய்வழியே வரும். பள்ளிவாசற் பரிபாலனத்திலும் கோயிற் பரிபாலனத்திலும் குடிகளுக்கு உரிய இடமுண்டு. பழைய முக்குவர் சட்டத்தில் முதுசொம் சகோதரியின் மக்களுக்குச் சென்றது. அதுபற்றிக் கிறிஸ்தோபர் பிரிற்றோ 1876 இல் ஒரு நூல் வெளியிட்டார். அச்சட்டம் வழக்கொழிந்தபின்னும் பெண்ணுக்கு வீடு என்னும் மரபு ஒழியவில்லை. மூத்த மகளுக்குத் திருமணமாகும்போது பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே அவளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, அதே வளவில் வேறொரு வீட்டிற் குடிபுகுவர். அடுத்த மகளின் முறை வரும்போது அதனையும் கொடுத்துவிட்டு மற்றோர் இடத்துக்கு ஒதுங்குவர். மாப்பிள்ளையே மனைவியின் வீட்டுக்கு வருவான். இவ்வாறு ஒரு வளவு தலைமுறைதோறும் பிரிந்து, தாயும் மகளும் தமக்கையும் தங்கையும் வேலிக்கு வேலி வாழும் ஒரு சிறு தெருவாகிவிடும். ஒஸ்ரின் நாவலின் கதைமுடிச்சை எம் மாணவியர்க்கு விளக்குதல் எளிதன்று. தகப்பன் இறந்தால் மகளுக்கு வீடு இல்லாமற் போவது எப்படி என்பதே அவர்கள் முதலிற் கேட்கும் வினா.

இம்மரபைப் புகழ்வதோடு நின்றுவிடுதல் நேர்மையாகாது. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு என்பது தந்தையின் தோளிலும் சகோதரரின் தோளிலும் ஏறிய பெருஞ்சுமையாகும். தங்கையின் சுவரை எழுப்புதற்காகவே மத்திய கிழக்கில் தம் இளமையைச் செலவிட்ட சகோதரர் பலர். வீடில்லாமையாற் திருமணம் தள்ளிப்போன பெண்களும் உளர். சீதனம் கேட்டல் இஸ்லாமிய நெறிக்கு ஒவ்வாதது என அறிஞர் இடித்துரைப்பதும் நாம் அறிந்ததே. எனினும், கேட்டுப் பெறும் சீதனம் வேறு. மகளின் பெயரில் நிற்கும் வீட்டு உறுதி வேறு. முன்னதை ஒழிக்கும் ஆர்வத்திற் பின்னதையும் இழத்தல் கூடாது.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வேறுபாட்டை எமக்கு உணர்த்தியது. கைத்தறியாற் பெயர்பெற்ற மருதமுனையிலும் அயலூர்களிலும் கடலோர வளவுகள் சில நிமிடங்களிற் தரைமட்டமாயின. உயிரிழந்தோர் பலர். கிழக்கில் 200 மீட்டர் வரையுள்ள கரையோரத்தில் மீளக் கட்டலாகாது என்று அரசு முதலில் விதித்து, பின்னர் அதனைத் தளர்த்தியது. புதிய வீடுகள் பிற இடங்களில் எழுந்தன. அவற்றை வழங்கும்போது ‘குடும்பத் தலைவர்’ யார் என்னும் வினா எழுந்தது. கிழக்கில் பல இடங்களில் அத்தலைவர் ஆண் என்றே கொள்ளப்பட்டு உறுதி கணவன் பெயருக்கு எழுதப்பட்டது. மூழ்கிய வீடு மனைவியின் தாய்வழி வீடு. பெற்ற வீடு கணவனின் வீடு. பெண்கள் அமைப்புகள் இதனை எடுத்துக்காட்டி, கூட்டு உரிமையேனும் வேண்டுமென வாதாடின. சுவர்களை அலை கொண்டுபோயிற்று. வழியை ஒரு படிவத்தின் ஒற்றை வரி கொண்டுபோயிற்று.

ஆதலின், மூன்று பெருவீடுகளும் நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றே. வீட்டைத் தாங்குவது தூணன்று. அதனை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்லும் முறையே. மூத்த மகனுக்குச் சென்ற வீடு மாளிகையாய் நின்றது. புதல்வர் எல்லார்க்கும் சென்ற வீடு பங்காளிகளின் பூட்டுத் தொங்கும் பெருமனையாயிற்று. புதல்வியர்க்குச் சென்ற வீடு தெருவாய், ஊராய் விரிந்தது. எம்மூரில் மாளிகை இல்லையே என்று வருந்துவோர்க்கு நாம் கூறத்தக்க விடை, ஊரே எமது மாளிகை என்பதாம்.

இங்கிலாந்தின் சிற்றூர்கள் தம் வரலாற்றை எழுதிவைத்தன. தேவாலயப் பதிவேடும் பண்ணைக் கணக்கும் அங்கு உதவின. எமக்கு அத்தகைய ஏடுகள் குறைவு. ஆயினும் பெட்டியில் மடித்து வைத்த சீதன உறுதிகள் உள. அவற்றில் எல்லைகளும் மரங்களும் கிணறுகளும் பெயர்களும் உள. எந்த வளவு எந்த உம்மாவிடமிருந்து யாருக்கு வந்தது என்று கூறவல்ல மூதாட்டியர் இன்னும் உளர். இம்மலரைப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும், இந்து மாணவராயினும் முஸ்லிம் மாணவராயினும், தம் வீட்டு வளவின் கதையை மூன்று தலைமுறைக்கேனும் கேட்டு எழுதிவைப்பாராயின், அவையெல்லாம் ஒன்றுசேர்ந்து எம் ஊர்களின் வரலாறாகும். அலையும் படிவமும் கொண்டுபோக இயலாத உறுதி அதுவே.