மணிலாவுக்கு ஜிப்சம்: பயனை அளக்கும் முறை

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் மணிலாக்கொட்டை முக்கியமான பணப்பயிராகும். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்கள் அவ்வூரின் பெயரைத் தாங்கியவை. இறவை மணிலாவுக்கு விதைத்த 40 முதல் 45 நாட்களில், ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கும்படி சிபாரிசு செய்யப்படுகிறது. காய்கள் தமக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேரே கிரகித்துக் கொள்வதே இதற்குக் காரணமாகும்.

ஜிப்சத்திற்கும் ஆள் கூலிக்கும் செலவிடும் பணம் மகசூலில் திரும்பி வருமா என்பதே குடியானவரின் கேள்வி. ஜிப்சம் இட்டவரின் மகசூலையும் இடாதவரின் மகசூலையும் அப்படியே ஒப்பிட்டு விடை காண முற்படுவது பிசகாகும்.

பிசகு எங்கே?

உதாரணமாக, ஜிப்சம் இட்டவர் 100 பேர், இடாதவர் 100 பேர் எனக் கொள்வோம். இட்டவருள் 80 பேருக்குக் கிணறு உண்டு. இடாதவருள் 20 பேருக்கே உண்டு. ஜிப்சமின்றி, கிணற்றுப் பாசனத்தில் ஏக்கருக்கு 20 மூட்டையும் மானாவாரியில் 10 மூட்டையும் விளைகின்றன. ஜிப்சம் எங்கும் 2 மூட்டை கூட்டுகிறது. இக்கணக்கின்படி இட்டவரின் சராசரி 20 மூட்டை. இடாதவரின் சராசரி 12 மூட்டை. வித்தியாசம் 8 மூட்டையாகத் தோன்றினும் அதில் ஜிப்சத்தின் பங்கு 2 மூட்டையே. எஞ்சிய 6 மூட்டை கிணற்று நீரின் பலனாகும். 8 மூட்டையை நம்பிக் கடன் வாங்கும் மானாவாரிக் குடியானவர் நஷ்டமடையவும் கூடும்.

பரிகாரம்

கிணறுடையவரைக் கிணறுடையவரோடும், மானாவாரிக்காரரை மானாவாரிக்காரரோடும் ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். ஆயினும் கிணறு ஒன்று மட்டுமன்று. மண்ணின் தன்மை, நிலத்தின் அளவு, கடன், படிப்பு, சந்தையின் தூரம் ஆகிய யாவும் குறுக்கிடுகின்றன. இவை அனைத்திலும் ஒத்த இருவரைத் தேடிப் பிடித்தல் அரிது.

இதற்குப் பால் ரோசன்பாம், டொனால்டு ரூபின் என்னும் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் இருவர் 1983-ல் ஒரு வழி வகுத்தனர். ஜிப்சம் இடுவதற்கு முன்பிருந்த நிலைமைகளைக் கொண்டு, ஒவ்வொருவரும் அதை இடக்கூடிய வாய்ப்பு எவ்வளவு என்று 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகக் கணக்கிடுவது அவ்வழி. இதனை நாட்ட அளவு எனலாம். நாட்ட அளவு 0.7 உடைய ஒருவர் ஜிப்சம் இட்டிருந்தால், அதே அளவு இருந்தும் இடாத ஒருவரை அவருக்கு இணையாக்க வேண்டும். இணை கிடைக்காதவர்களை நீக்கிவிடலாம். பின்னர் இரு கூட்டத்தாரும் கிணறு, நிலம் முதலியவற்றில் ஒத்திருக்கின்றனரா என்று சரிபார்த்த பிறகே மகசூலை ஒப்பிடுதல் வேண்டும்.

எச்சரிக்கை

கணக்கில் பதிவானவற்றையே இம்முறை சமப்படுத்தும். ஒருவரது உழைப்பும் பயிர் மீது அவர் வைக்கும் கவனமும் ஏட்டில் ஏறாதவை. அவற்றால் நேரும் பிசகு அப்படியே நிற்கும். ஆகவேதான் இங்கிலாந்தில் ராதாம்ஸ்டெட் பண்ணையில் பணியாற்றிய ஆர். ஏ. பிஷர், பாத்திகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பொறுக்கிச் சோதிக்கும் முறையை வலியுறுத்தினார். இயன்ற இடங்களில் அதுவே சிறந்தது.

குடியானவர்களும் தம் நிலத்தை ஒரே அளவுள்ள சில பாத்திகளாகப் பிரித்து, சீட்டு விழுந்த பாத்திகளுக்கு மட்டும் ஜிப்சம் இட்டு, காய்களைத் தனித்தனியே நிறுத்துப் பார்க்கலாம். உழுபவர், பாசனம், விதை யாவும் ஒன்றாயிருப்பதால், அண்டை வயலைப் பார்த்து மதிப்பிடுவதினும் அக்கணக்கு நம்பத் தக்கதாகும்.