மழைக்கு முன்னே ஒரு துப்புரவு

வசந்தம் பிறந்ததும் வீட்டின் உட்புறத்தை ஒட்டடை அடித்துத் தூய்மை செய்கிறோம். மொட்டை மாடியையும் கொல்லைப்புறத்தையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஏர்கூலர் தொட்டி ஆகியவற்றின் உட்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் சேர்ந்ததும் பொரிக்கும். பிறகு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் 10 நாள்களில் கொசுக்கள் வெளிப்பட்டுவிடும். ஆகவே, நீரைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. காய்ந்து கிடக்கும் கலன்களையும் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 அளவில் கேரளத்தை அடைந்து, ஜூலை 8 அளவில் நாடெங்கும் பரவுகிறது. அதற்குமுன் மாடி வடிகுழாயிலுள்ள சருகுகளை அகற்றுவோம். பயன்படாத டயர்களைப் பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுத்துவிடுவோம். ஏர்கூலரை வாரம் ஒருமுறை காலி செய்து, தேய்த்து, உலர்த்துவோம். மே 16 தேசிய டெங்கு தினம். அந்நாளையே நமக்குக் கெடுவாகக் கொள்வோம்.

மருத்துவச் செலவு என்னும் எதிர்பாராப் பற்று நம் கணக்கில் விழாதிருக்க, அரைநாள் உழைப்பு நல்லதொரு முதலீடு.