வேகாத சோற்றின் பதம்

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. அதைச் சொல்லாத ஆசிரியரும் இல்லை. கேளாத மாணவரும் இல்லை. ஆயின், அப்பழமொழிக்குள் ஒரு நிபந்தனை மறைந்து கிடக்கின்றது. பானையை அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயில் எடுத்த சோறுதான் பானை முழுமைக்கும் சான்று கூறும். உலை கொதிக்கத் தொடங்கியவுடன் எடுத்த அரிசியோ, தான் இன்னும் வேகவில்லை என்பதை மட்டுமே கூறும்.

மாணவச் செல்வங்களே, இந்த வேறுபாட்டை உங்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருளில் வைத்து ஆராய விரும்புகின்றேன். இணையத்தின் வழியே பலர் கூடிக் கணிப்பொறியில் ஆடும் கடற்போர் விளையாட்டே அப்பொருள். அத்தகைய விளையாட்டு முற்றுப்பெறாமல் இருக்கும்போதே அதைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகள் நேர்மையான தீர்ப்பு ஆகுமா?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இவ்வினாவை என்னிடம் கொண்டுவந்தவன் பத்தாம் வகுப்பில் படிக்கும் என் பெயரன். 'வேர்ல்டு ஆஃப் வார்ஷிப்ஸ்' என்னும் விளையாட்டில் அவனுக்கு ஈடுபாடு மிகுதி. ஒரு நாள் ஒரு மதிப்புரையை என்முன் நீட்டி, "தாத்தா, இவர் விளையாடாமலேயே எழுதியிருக்கிறார். விமானந்தாங்கிக் கப்பலை ஆடுவோர் வரைபடத்தைப் பார்ப்பதுபோல் மேலிருந்து பார்த்து, விமானங்களுக்குக் கட்டளையிட வேண்டுமாம். நான் ஆடும்போது விமானங்களோடு நானே அல்லவா பறக்கிறேன்? இது முழுப் பொய்!" என்றான். நான் மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு பார்த்தேன். கட்டுரையின் தலைப்பில் 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் என்று இருந்தது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. படித்தவன் நாளைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

அவ்விளையாட்டின் வரலாற்றைச் சிறிது காண்போம். ரஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 'லெஸ்டா' என்னும் நிறுவனம் அதை உருவாக்க, 'வார்கேமிங்' நிறுவனம் வெளியிட்டது. 2011ஆம் ஆண்டில் அறிவிப்பு வந்தது. 2015 மார்ச்சு மாதத்தில் அனுமதி பெற்றோர்க்கு மட்டும் உரிய சோதனை தொடங்கிற்று. ஜூலை மாதத்தில் அச்சோதனை அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 17ஆம் நாள் விளையாட்டு முறையாக வெளிவந்தது. சோதனைக் காலத்தில் பெரும்பாலும் அமெரிக்க, ஜப்பானியக் கப்பல்களே இருந்தன. பிரிட்டன், பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளின் கப்பல்வரிசைகள் பிற்காலத்தில் சேர்ந்தன. நீர்மூழ்கிக் கப்பல்களும் அவ்வாறே சேர்ந்தன. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் விமானந்தாங்கிக் கப்பலை ஆடும் முறையே அடியோடு மாற்றி அமைக்கப்பட்டது. என் பெயரன் பறந்தது அந்தப் புதிய முறையில்; அம்மதிப்புரையாளர் கண்டது பழைய முறை.

அவ்வாறாயின், முதல் மதிப்புரைகள் யாவும் பயனற்றவை என்று ஒதுக்கிவிடலாமா? அதுவும் தவறு. பானைக்கே திரும்புவோம். அரைவேக்காட்டு அரிசியைக் கையில் எடுத்தவர் இரண்டு செய்திகளை அறிய முடியும். ஒன்று, அது வேகவில்லை என்பது. மற்றொன்று, அதில் கல் இருக்கின்றது என்பது. வேகாமை குறை, அதை நெருப்பும் நேரமும் நிறைத்துவிடும். கல்லோ குற்றம், எத்துணை நேரம் வேகவைத்தாலும் கல் கல்லாகவே இருக்கும். முதல் மதிப்புரையாளர் குறையையும் குற்றத்தையும் பிரித்துச் சொல்வாராயின், அவர் செய்வது நற்பணியே.

கடற்போர் விளையாட்டில் எது அரிசி, எது கல்? கப்பல்வரிசைகள் குறைவாக இருப்பது வேகாமை. அவ்வப்போது விளையாட்டு இடையில் நின்றுவிடுவதும் பெரும்பாலும் வேகாமையே. ஆனால், பீரங்கிக் குண்டு இலக்கை அடையச் சில நொடிகள் ஆகும். ஆதலின் பகைக்கப்பல் இப்பொழுது இருக்கும் இடத்தை விடுத்து, அது சென்று சேரப்போகும் இடத்தைக் கணித்துச் சுட வேண்டும். பெருங்கப்பல் மெல்லத் திரும்பும். ஆதலின் டார்பிடோ வருவதைக் கண்ட பின்பு திரும்பலாம் என்றிருப்பவர் தப்புவது அரிது. இத்தகைய அடிப்படைகளில்தான் விளையாட்டின் உயிர் இருக்கின்றது. அவை சோதனைக் காலத்திலேயே அமைந்திருந்தன. அவை சுவைக்கின்றனவா, சலிப்பூட்டுகின்றனவா என்று கூற 2015ஆம் ஆண்டின் மதிப்புரையாளர்க்கு முழு உரிமை உண்டு. கப்பல் வகைகள் ஒன்றற்கொன்று நிகராக அமைந்துள்ளனவா என்னும் வினாவுக்கு மட்டும் அவர் அன்று முடிந்த விடை கூற இயலாது. நிறைகோலில் வைக்கவேண்டிய எடைகள் எல்லாம் அன்று வந்து சேரவில்லை.

உண்மைக் கடலிலிருந்தே ஒரு சான்று காட்டுகின்றேன். சுவீடன் நாட்டு மன்னர் இரண்டாம் குஸ்டாவ் அடால்ஃப், 'வாசா' என்னும் பெரும்போர்க்கப்பலைக் கட்டுவித்தார். 1628ஆம் ஆண்டில் அது துறையில் நின்று இறுதி வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது ஒரு சோதனை நடத்தினார்கள். முப்பது மாலுமிகள் மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்கு ஓடினர். மூன்று முறை ஓடியதற்குள் கப்பல் அச்சமூட்டும் அளவுக்கு ஆடியது. ஓட்டத்தை நிறுத்தினார்களே ஒழிய, கப்பலைத் திருத்தவில்லை. மன்னரோ கப்பல் விரைவில் புறப்பட வேண்டும் என்றிருந்தார். ஆகஸ்டு 10ஆம் நாள் பாய் விரித்த வாசா, சுமார் 1,300 மீட்டர் தொலைவே சென்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே மூழ்கிற்று. ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். 1961இல் மேலே கொண்டுவரப்பட்ட அக்கப்பலை இன்றும் அந்நகரின் அருங்காட்சியகத்தில் காணலாம். "கப்பல் இன்னும் முடியவில்லை, இப்பொழுதே குறை கூறலாமா?" என்று அம்முப்பது பேரின் சோதனையைப் புறக்கணிக்க முடியுமா? அது கண்டது வேகாமையை அன்று; கல்லை.

இனிப் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். முற்றுப்பெறாத பொருளை இலவசமாகக் காட்டி, "குறை கூறுங்கள், திருத்துகின்றோம்" என்பது ஒன்று. விலை வாங்கிக்கொண்டு விற்பது வேறொன்று. 'ஸ்டீம்' என்னும் இணைய விற்பனை நிலையம், முடியாத விளையாட்டுகளை விற்கும் ஏற்பாட்டை 2013ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பாய்மரக் காலத்துக் கடற்போரைக் காட்டும் 'நேவல் ஆக்‌ஷன்' என்னும் விளையாட்டு அங்கே 2016 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது; முடிவுற்றதாக வெளிவந்ததோ 2019 ஜூன் மாதத்தில். இடைப்பட்ட மூன்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் வாங்கியவர்கள் தங்கள் கருத்தைக் கூறாமல் வாய்மூடி இருக்க வேண்டுமா? விலை பெற்ற நாளிலேயே மதிப்பிடப்படும் பொறுப்பும் வந்துவிடுகின்றது. இன்றைய நிலையிலேயே ஆட விருப்பம் இல்லையேல் பொறுத்திருங்கள் என்று அந்நிலையமே வாங்குவோரை எச்சரிக்கின்றது. அக்காலத்தில் எழுதப்படும் மதிப்புரைகளுக்கு அது தெரியும்படி அடையாளமும் இடுகின்றது. அண்மைக்கால மதிப்புரைகளைத் தனியே தொகுத்துக் காட்டும் வழக்கத்தையும் 2016ஆம் ஆண்டு முதல் மேற்கொண்டிருக்கின்றது. இவை யாவும் நாளைக் காட்டும் முயற்சிகளே. காட்டிய நாளைக் காண்பது நம் கடமை.

நாளை மறந்த தீர்ப்பு என்ன செய்யும் என்பதை நான் என் பணியிலேயே கண்டேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய அரையாண்டுத் தேர்ச்சி அட்டையில், 'இவனுக்குக் கணக்கு வராது' என்று சிவப்பு மையால் எழுதினேன். அவ்வட்டையைப் படித்த தந்தை, பொங்கல் விடுமுறைக்குப் பின் அவனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து அக்கடைக்குச் சென்றேன். பதினான்கு சாமான்களின் விலையை அவன் தாளில் எழுதாமல் மனத்திலேயே கூட்டிச் சொன்னான். எழுந்து நின்று, "வாங்க சார்" என்று வணங்கவும் செய்தான். நான் தலை கவிழ்ந்தேன். 'டிசம்பர் மாதத் தேர்வில் பின்னக் கணக்குகளில் பிழை செய்கின்றான். பயிற்சி வேண்டும்' என்று எழுதியிருக்க வேண்டியவன் நான். விடைத்தாளில் நான் கண்ட பிழைகள் உண்மை. அவற்றைக் கொண்டு அவன் வாழ்நாள் முழுமைக்கும் எழுதிய தீர்ப்போ பொய்.

ஆதலின், வினாவுக்கு விடை இதுவே. முதல் மதிப்புரை தான் கண்ட நாளின் நிலையை நாளோடு கூறி, நிறையக்கூடிய குறையையும் நிலைத்து நிற்கும் குற்றத்தையும் பிரித்துக் காட்டுமாயின், அது நேர்மையானதே. எதிர்காலத்திற்கும் சேர்த்துத் தீர்ப்பெழுதுமாயின், அது புகழ்ந்தாலும் பிழையே, இகழ்ந்தாலும் பிழையே. நாளைக்குச் செய்யப்போவதாகச் சொன்னவற்றை இன்றே கண்டவர்போலப் புகழும் மதிப்புரையை நம்பித் தந்தையின் பணத்தைச் செலவிடும் மாணவனும் ஏமாந்தவனே அன்றோ?

நீங்கள் ஒரு மதிப்புரையைப் படிக்கும்போது, எந்நாளில் எழுதப்பட்டது, எத்தனை நேரம் ஆடிய பின் எழுதப்பட்டது, வேகாமையைக் கூறுகின்றதா கல்லைக் கூறுகின்றதா என்று பாருங்கள். நீங்களே எழுத நேர்ந்தால், நாளைக் குறிக்க மறவாதீர்கள். அந்த மளிகைக் கடையை நினைத்துக்கொண்டே இதைச் சொல்கின்றேன்.