தொய்யிலும் பச்சையும்

‘தொய்யில்’ என்ற சொல் பாடத்தில் வரும் நாளில் வகுப்பிலே ஒரு சிறு சிரிப்பு எழும். அச்சிரிப்புக்கு அஞ்சி, ‘மகளிர் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பாற் கொடியும் கரும்பும் எழுதும் கோலம்’ என்று அகராதிப் பொருளைச் சொல்லி அப்பாற் போய்விடுவது பல்லாண்டுகளாக என் வழக்கம். அது பிழையென எனக்கு உணர்த்தியவர் வாகரைக் கடற்கரையிற் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவர்.

அவருடைய முன்கையில் ஒரு மீன், பச்சை குத்தியது. வெயிலிலும் உப்பிலும் நெடுங்காலம் ஊறியும் அழியாதது. “யார் குத்தியது?” என்று கேட்டேன்.

“என்ட கூட்டாளிதான் வாத்தியார். ஒரே தோணியில தொழில் செய்தம். என்ட கையில அவன் குத்தினான்; அவன்ட கையில நான் குத்தினன். நான் குத்தின மீன் கொஞ்சம் கோணல். அதுக்காகச் சாகுமட்டும் என்னை ஏசினான்.”

அந்தக் கூட்டாளியை 2004 மார்கழி 26 இல் ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று.

பச்சை குத்தத் தோலை இழுத்துப் பிடிக்க ஒரு கை வேண்டும். ஊசி பிடிக்க மற்றொரு கை வேண்டும். குத்தப்படுவதோ மூன்றாவது கை. ஆகவே இது பெரும்பாலும் தனியொருவராற் செய்யலாகாத கலை. ஊசி மேற்றோலைக் கடந்து உள்தோலிற் கரியை இடுகிறது; மேற்றோல் உதிர்ந்துகொண்டே இருப்பினும் உள்ளிருக்கும் கரி தங்கிவிடுகிறது. தமிழகத்திலே குறவர்குலப் பெண்கள் முன்பு விளக்குக் கரியைத் தாய்ப்பாலிற் குழைத்துக் குத்தினர். நோவு மறக்கப் பாட்டும் பாடினர். வலி தருபவரே ஆறுதலும் தருவது இக்கலையின் இயல்பு போலும்.

மேனாட்டு மாலுமிகளும் இதனைக் கடல்வழியே அறிந்து போற்றினர். 1769 இல் கப்டன் குக்கின் கப்பல் தாகித்தித் தீவை அடைந்தது. ‘டாட்டூ’ என்னும் ஆங்கிலச் சொல் அத்தீவினரின் மொழியிலிருந்து வந்ததே. கப்பலில் இருந்த ஓவியர் சிட்னி பார்க்கின்சனும் தம் கையை நீட்டிக் குறியிட்டுக்கொண்டார். பிறரை வரைவதே தொழிலாகக் கொண்டவர், அன்று தாமே பிறர் வரையும் ஏடானார். 1771 இல் ஊர் திரும்பும் வழியிற் கடலிலேயே இறந்தார்.

இனித் தொய்யிலுக்கு வருவோம். கலித்தொகையிற் பாலைபாடிய பெருங்கடுங்கோவின் பாட்டொன்று, பொருள் தேடப் பிரியக் கருதும் தலைவனைத் தடுக்கிறது. எவ்வாறு? அறநூல் எதனையும் அது எடுத்தோதவில்லை. அவனே விரும்பித் தோளில் எழுதிய தொய்யிலை நினைவூட்டுகிறது. எழுதிய கைக்கும் எழுதப்பெற்ற தோளுக்கும் ஓர் உறவு உண்டு. அதனை அறுத்துக்கொண்டு எங்ஙனம் போவாய் என்பது குறிப்பு.

ஒரு வேறுபாடும் உண்டு. தொய்யில் நீராட அழியும். மீண்டும் எழுத அவன் வந்தே ஆகவேண்டும். பச்சை அழியாது, எழுதியவன் வராவிடினும் இருக்கும்.

முதியவர் விடைதரும்போது மீனைத் தடவிப் பார்த்தார். “அவன்ட வேலை சுத்தம், வாத்தியார்” என்றார்.

இப்பொழுதெல்லாம் அப்பாட்டை நடத்துமுன் அந்தக் கோணல் மீனின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அகராதி பிறகுதான்.