தொட்டில் பழக்கம் யாருடையது?

ஸ்ரீராம்புரத்தில் காலை ஏழு மணிக்கே தெருக்கள் பரபரப்பாகிவிடும். மல்லேஸ்வரம் சந்தைக்குப் பூ விற்கச் செல்வோரும், அடுக்குமாடி வீடுகளுக்கு வேலைக்குச் செல்வோரும் கைக்குழந்தைகளைப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ ஒப்படைத்துவிட்டுப் புறப்படுகின்றனர். பிற்பகலில் பணம் கட்ட எங்கள் கிளைக்கு வந்த பூக்கார அம்மா ஒருவர், முகப்பிலிருந்த பெண் ஊழியரிடம் கேட்டார்: "நீங்களும் பிள்ளைய விட்டுட்டுத்தானே வர்றீங்க மேடம்? பின்னாடி அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" வட்டி விகிதத்தைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்போம். இதற்கு எங்களில் எவரிடமும் விடை இல்லை. தேடிப் படித்ததை இங்கே பகிர்கிறோம்.

அச்சமோ நெருக்கடியோ நேரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியை உசுப்புகிறது. அது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளைத் தூண்ட, கார்டிசால் இரத்தத்தில் கலக்கிறது. கார்டிசால் பகையன்று, காலையில் நம்மை எழுந்து நடமாடச் செய்வதில் அதற்கும் பங்குண்டு. நெருக்கடி தீர்ந்ததும் அது அடங்க வேண்டும் என்பதே முக்கியம். மைசூரு ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் 1997-98ஆம் ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வாளர்கள், பதின்ம வயதில் அவர்களை அறிமுகமற்ற இருவர் முன்னிலையில் 5 நிமிடம் பேசவும் 5 நிமிடம் மனக்கணக்குப் போடவும் வைத்து, உமிழ்நீரில் இச்சுரப்பை அளந்தனர். (வங்கித் தேர்வுக்கான நேர்காணலை நினைத்துக்கொண்டோம்.)

அடக்கும் திறன் எப்போது உருவாகிறது? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் 1997இல் வெளியிட்ட எலி ஆய்வு இதில் புகழ்பெற்றது. பிறந்த முதல் வாரங்களில் தாய் அடிக்கடி நக்கிச் சீராட்டிய குட்டிகள், வளர்ந்தபின் நெருக்கடியில் குறைவாகவே பதறின. மூளையில் அந்தச் சுரப்பை அடக்கும் ஏற்பிகள் அவற்றுக்கு மிகுந்திருந்தன. பின்னர் குட்டிகளை மாற்றி வளர்த்துப் பார்த்தபோது, பெற்ற தாயைவிட வளர்த்த தாயின் சீராட்டே கணக்கில் வந்தது.

எலி வேறு, மனிதக் குழந்தை வேறுதான். ஆனால் ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகர ஆய்வு குழந்தைகளைப் பற்றியது. அங்கே காப்பகங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர், குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். காப்பகத்தில் உணவும் படுக்கையும் இருந்தன. அழுதால் ஓடிவரும் ஒரே முகம் இல்லை, பணியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தனர். பன்னிரண்டு வயதளவில் சோதித்தபோது, காப்பகச் சூழலிலேயே விடப்பட்ட பிள்ளைகளின் உடல் நெருக்கடிக்கு மந்தமாகவே எழுந்தது. கார்டிசால் மிகுவது மட்டுமல்ல, எழ வேண்டிய நேரத்தில் எழாததும் கோளாறே. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குச் சென்றவர்களிடம், பெற்றோருடன் வளர்ந்த பிள்ளைகளை ஒத்த எதிர்வினையே காணப்பட்டது. 2015இல் வெளியான முடிவு இது.

ஆக, தாய் சில மணி நேரம் வெளியே செல்வது வேறு. அழுகைக்கு எவரும் வராதிருப்பது முற்றிலும் வேறு. பழகிய ஒரு கை நாள்தோறும் வந்து தூக்கினால், அது பாட்டியின் கையாயினும் குறையில்லை. இவ்விரண்டையும் குழப்பி வேலைக்குச் செல்லும் பெண்களைக் குற்ற உணர்வில் ஆழ்த்துவது நியாயமன்று என்றே நாங்கள் கருதுகிறோம். "தொட்டில் பழக்கம்" என்று பிள்ளையைத்தான் சொல்கிறோம். தொட்டிலருகே நிற்பவரின் பழக்கத்தை எண்ணுவதில்லை.

நிற்பதற்கும் நேரம் வேண்டுமே! 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், முதலிரு பிள்ளைகளுக்கு 26 வார விடுப்பையும், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. எங்கள் முகப்பு ஊழியருக்கு அந்த விடுப்பு கிடைத்தது. பூக்கூடைக்கு ஏது விடுப்பு?

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது இதையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். "அப்போ எங்க மாமியாருக்குத்தான் சம்பளம் தரணும்" என்று சிரித்தவர், டோக்கன் எண் அழைக்கப்படவே எழுந்து சென்றார். மறுவாரம் மாமியாரையும் பேரப்பிள்ளையையும் அழைத்து வந்து, மாமியார் பெயரில் ஒரு தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கினார். படிவம் நிரப்பி முடியும்வரை குழந்தை பாட்டியின் தோளிலிருந்து இறங்க மறுத்துவிட்டது.