ஒளிப்படக்கருவி: தேர்வும் தெளிவும்

நுழையும்முன்

ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கப் பணம் மட்டும் போதாது. அதனைக்கொண்டு செய்யப்போகும் வேலை இன்னதென்ற தெளிவும் வேண்டும். கடைகளில் அடுக்கிவைக்கப்பட்டுள்ள நூற்றுக்கணக்கான எண்மிய ஒளிப்படக்கருவிகளுள் தமக்கு ஏற்ற ஒன்றை மாணவர் எவ்வாறு தெரிவுசெய்வது? அதற்கான அறிவியல் அடிப்படையையும் நடைமுறை வழிகளையும் இவ்வுரைநடை விளக்குகிறது.

தறிவீட்டில் ஒரு மாணவி

காஞ்சிபுரத்தைச் சேர்ந்த நெசவாளர் குடும்பத்து மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். மேல்நிலைக் கல்வியை முடித்த அவளுக்குக் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் பயில இடம் கிடைத்திருக்கிறது. அவளுடைய தாத்தா ஐம்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் பட்டு நெய்பவர். அவருக்குப் பின் அத்தறியில் அமர வீட்டில் எவரும் இல்லை. கண்பார்வை மங்கிவருவதால், கையில் உள்ள சேலையோடு நெசவை நிறுத்திக்கொள்ளப் போவதாக அவர் சொல்லிவிட்டார். அதற்குள் அவர் நெய்வதைப் படமாக்கி வைத்துவிட வேண்டும் என்பது பேத்தியின் விருப்பம். அவளுடைய தாய் சீட்டு எடுத்த பணத்தைக் கையில் கொடுத்து, “நல்லதாகப் பார்த்து வாங்கு” என்று சொல்லியிருக்கிறார்.

நல்லது எது என்பதே இங்கு எழும் வினா. கடைக்குச் சென்றால் விற்பனையாளர் முதலில் கூறுவது மெகாபிக்சல் எண்ணிக்கையை. அடுத்துக் கூறுவது விலையை. இவ்விரண்டு எண்களை மட்டும் கொண்டு முடிவெடுத்தால், அந்தச் சீட்டுப் பணம் முழுவதும் செலவான பிறகும் தாத்தாவின் கைகள் படத்தில் தெளிவாகப் பதியாமல் போகக்கூடும். எதை, எந்த இடத்தில், எந்த ஒளியில் படமெடுக்கப் போகிறோம் என்னும் வினாவே முதலில் கேட்கப்பட வேண்டும்.

வேலையே கருவியைத் தீர்மானிக்கும்

தமிழ்நாட்டு ஒளிப்பட வரலாற்றில் இதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. 1850களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக விளங்கிய லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை 1858இல் பகுதி பகுதியாகப் படமெடுத்து இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடர்படமாக ஆக்கினார். கல்லும் எழுத்தும் அசையாதவை. எனவே அளவிற் பெரியதும், முக்காலியின்மீது நிறுத்த வேண்டியதும், நெடுநேரம் ஒளியை ஏற்பதுமான கருவி அவருக்குப் பொருந்தியது.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் (1912 – 1996) எதிர்கொண்ட களம் வேறு. யானையும் காட்டெருதும் எவருக்காகவும் அசையாமல் நிற்பதில்லை. அவர் பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்துத் தம் வேலைக்கேற்ற கருவியொன்றை உருவாக்கிக்கொண்டார். அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என வேடிக்கையாகப் பெயரும் இட்டார். அத்தகைய கருவிகளைக்கொண்டு அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இந்தியக் காட்டுயிர் ஒளிப்படக்கலையில் தனியிடம் பெற்றுள்ளன. அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவ்விருவரும் தத்தம் கருவியை மாற்றிக்கொண்டிருந்தால் இருவர் வேலையும் நடந்திராது.

ஒளி எண்ணாகும் விதம்

எண்மியக் கருவியில் படச்சுருளுக்கு மாற்றாக இருப்பது சென்சார் எனப்படும் உணரி. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகியோர் கண்டறிந்த மின்னூட்டப் பிணைப்புச் சாதனம் இதற்கு வழிவகுத்தது. அதற்காக 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றனர். 1975இல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் கையடக்க எண்மியக் கருவியை உருவாக்கினார். ஏறத்தாழ 3.6 கிலோ எடையுள்ள அக்கருவி, 10,000 பிக்சல்கள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடிகள் எடுத்துக்கொண்டது.

உணரியின் இயக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மழை பெய்யும்போது முற்றம் முழுவதும் பாத்திரங்களை வரிசையாக வைத்திருப்பதாகக் கொள்வோம். மழை நின்றபின் ஒவ்வொரு பாத்திரத்திலும் தேங்கிய நீரை அளந்து எழுதினால், எந்த இடத்தில் எவ்வளவு மழை பெய்தது என்பது எண்களாகக் கிடைத்துவிடும். மழை என்பது ஒளி; முற்றம் என்பது உணரி; பாத்திரங்களே பிக்சல் எனப்படும் படப்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த ஒளியின் அளவு மின்னூட்டமாகி, எண்ணாகிப் படமாகச் சேமிக்கப்படுகிறது.

மெகாபிக்சல் மயக்கம்

ஒரு மெகாபிக்சல் என்பது 10 இலட்சம் படப்புள்ளிகள். 10 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள படத்தை, ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் செம்மையாக அச்சிட 3000 × 2400, அதாவது 72 இலட்சம் புள்ளிகள் போதும். 4கே எனப்படும் உயர்தரக் காணொலியின் ஒரு சட்டகத்திற்கு 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகளே தேவை. மாணவர் வாங்கக்கூடிய கருவிகளில் பரவலாகக் காணப்படும் 24 மெகாபிக்சல் இவ்விரண்டிற்கும் தாராளமாகப் போதுமானது.

முற்றத்தின் பரப்பை மாற்றாமல் பாத்திரங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் ஒவ்வொன்றின் வாயும் குறுகிவிடும். தூறலில் அவற்றுள் போதிய நீர் சேராது. அதுபோலவே, சிறிய உணரியில் புள்ளிகளைப் பெருக்கினால் மங்கிய ஒளியில் படம் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகும். ஆகவே புள்ளிகளின் எண்ணிக்கைக்கு முன் உணரியின் பரப்பை வினவ வேண்டும். சட்டைப்பையில் அடங்கும் சிறு கருவிகள் பலவற்றின் உணரி ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். மாணவர்க்கு ஏற்ற ‘ஏ.பி.எஸ்.–சி’ வகை உணரி 23.5 × 15.6 மி.மீ., அதாவது ஏறத்தாழ 367 சதுர மில்லிமீட்டர். முன்னதைப்போல் 13 மடங்கு. 36 × 24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்டக உணரி இதனினும் பெரிது. ஆனால் கருவியின் விலையும் அதற்குரிய வில்லைகளின் விலையும் எடையும் கூடிவிடும்.

தெரிந்து தெளிவோம்

உணரியின் புள்ளிகள் ஒளியின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியா. எனவே அவற்றின்மேல் சிவப்பு, பச்சை, நீல நிற வடிகட்டிகள் கட்டம் கட்டமாக அமைக்கப்படுகின்றன. கோடக் நிறுவன அறிவியலாளர் பிரைஸ் பேயர் வகுத்த இவ்வமைப்பில் பாதி வடிகட்டிகள் பச்சை. கால் பங்கு சிவப்பு. கால் பங்கு நீலம். மனிதக் கண் பச்சை ஒளியை மிகுதியாக உணர்வதே இதற்குக் காரணம்.

வில்லையும் ஒளியும்

லென்ஸ் எனப்படும் வில்லையே காட்சியை உணரியின்மீது குவிக்கிறது. கருவியோடு சேர்த்து விற்கப்படும் வில்லை பெரும்பாலும் 18 – 55 மி.மீ. குவியத்தொலைவு உடையது. அறை முழுவதையும் காட்டுவதற்கும், சற்றுத் தொலைவில் உள்ளதை அருகே காட்டுவதற்கும் அஃது உதவும். ஆயினும் அதன் துளை 55 மி.மீ. நிலையில் எஃப் 5.6 அளவுக்கு மேல் திறவாது. எஃப் எண் குறையக் குறையத் துளை அகலும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எஃப் 1.8 வரை திறக்கும் ஒற்றைக் குவியத்தொலைவு வில்லை, எஃப் 5.6ஐக் காட்டிலும் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும்.

மாணவியின் தறிவீட்டில் இவ்வேறுபாடு எவ்வாறு வெளிப்படும் எனக் காணலாம். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியே வரும் வெளிச்சமே அங்குள்ள ஒளி. எஃப் 5.6இல் ஒரு படத்திற்கு 1/13 நொடி ஒளி தேவைப்படுவதாகக் கொண்டால், அதற்குள் நாடா எறியும் கை நகர்ந்து படத்தில் வெறும் நிழலாகிவிடும். முக்காலியில் நிறுத்தினால் கருவியின் நடுக்கம் நிற்குமேயன்றிக் கையின் அசைவு நிற்காது. அதே ஒளியில் எஃப் 1.8இல் 1/125 நொடியே போதும். கை கையாகவே பதியும். மின்னொளியைப் பாய்ச்சினால் பட்டின் இயல்பான நிறமும் நிழலும் கெடும். நெய்பவரின் கண்ணும் கூசும்.

எஃப் 1.8 வில்லைகளிலும் 50 மி.மீ., 35 மி.மீ. என வகைகள் உண்டு. ஏ.பி.எஸ்.–சி உணரியில் 50 மி.மீ. வில்லை காட்சியைக் குறுக்கிக் காட்டும். சிறிய அறையில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் தறியும் ஆளும் ஒருசேர அடங்கமாட்டா. 35 மி.மீ. வில்லையோ இயல்பான பார்வையை ஒத்த பரப்பைக் காட்டும். திறந்தவெளியில் முகங்களைப் படமெடுப்போர்க்கு 50 மி.மீ. ஏற்றது, பறவைகளை நாடுவோர்க்கு 300 மி.மீ. அளவிலான நெடுந்தொலை வில்லை வேண்டும். இவற்றுள் எது சிறந்தது என்பது படமெடுக்கப்படும் பொருளைப் பொறுத்தது.

கற்பதற்கேற்ற கருவி

கற்கும் மாணவரின் கருவி, முடிவெடுக்கும் உரிமையை அவரிடமே விட்டுவைக்க வேண்டும். துளையின் அளவு, ஷட்டர் எனப்படும் மூடுதிரையின் வேகம், ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர் அளவு ஆகிய மூன்றையும் கையால் மாற்றும் வசதி அதில் இருத்தல் வேண்டும். திரையின் வேகத்தை 1/125 நொடியிலிருந்து 1/250 நொடியாக்கினால் ஒளி பாதியாகும்; அதனை ஈடுசெய்ய ஐ.எஸ்.ஓ.வை 400இலிருந்து 800 ஆக்கலாம். இக்கணக்கு மனத்தில் பதிந்தபின் மாணவர் எந்தக் கருவியையும் கையாள இயலும்.

படத்தை ‘ரா’ என்னும் மூலவடிவில் சேமிக்கும் வசதியும் தேவை. பொதுவாக வழங்கும் ஜே.பி.ஜி. வடிவம் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 ஒளிப்படிநிலைகளையே காக்கும். 14 பிட் மூலவடிவம் 16,384 படிநிலைகளைக் காக்கும். இருண்ட அறையில் வெள்ளை வேட்டியணிந்து அமர்ந்திருப்பவரைப் படமெடுத்தபின் செம்மைப்படுத்தும்போது இதன் பயன் விளங்கும். காணொலி எடுப்போர் ஒலிவாங்கியை இணைக்கும் துளை உள்ளதா எனவும் பார்க்க வேண்டும்.

இன்று கிடைக்கும் வில்லை மாற்றத்தக்க கருவிகள் இருவகையின. உள்ளே ஆடி பொருத்திய டி.எஸ்.எல்.ஆர். ஒருவகை. 2008 முதல் விற்பனைக்கு வந்த ஆடியற்ற ‘மிரர்லெஸ்’ மற்றொரு வகை. பின்னது எடை குறைந்தது, ஓசையின்றி இயங்கவல்லது, காணொலிக்கும் ஏற்றது. முன்னதில் மின்கலம் நெடுநேரம் உழைக்கும். பழைய கருவிகளும் வில்லைகளும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வாங்கும் வசதி இல்லாதோர் வருந்த வேண்டியதில்லை. கையிலுள்ள திறன்பேசியைக்கொண்டே சட்டகம் அமைத்தலையும் ஒளியின் திசையை நோக்குதலையும் பழகலாம்.

பழையதும் பயன்தரும்

பயன்படுத்திய கருவியை வாங்குவது மாணவர்க்குச் சிக்கனமான வழி. எனினும் சில சோதனைகள் இன்றியமையாதவை. மூடுதிரை இதுவரை எத்தனை முறை இயங்கியுள்ளது என்பதைக் கேட்டறிய வேண்டும். வில்லையின் ஒருபுறம் விளக்கொளியைப் பாய்ச்சி மறுபுறம் நோக்கினால், உள்ளே பூஞ்சை படர்ந்திருப்பின் சிலந்திவலைபோல் தெரியும். துளையை எஃப் 16ஆகக் குறுக்கி வெள்ளைத்தாளைப் படமெடுத்தால், உணரியில் படிந்த தூசு கரும்புள்ளிகளாகப் புலப்படும். வாங்கிய சீட்டும் அதிலுள்ள வரிசை எண்ணும் கருவியின் எண்ணோடு ஒத்திருத்தல் வேண்டும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் கருவியின் உடற்பகுதிக்கே செலவிடலாகாது. நல்ல வில்லை, கூடுதல் மின்கலம், இரண்டு நினைவக அட்டைகள், முக்காலி, பை ஆகியவற்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். 4கே காணொலிக்கு, நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் பதியும் ‘வி30’ குறியிட்ட அட்டை ஏற்றது. கடலோரத்து ஈரக்காற்றில் வில்லைகளில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா களிம உறைகளோடு வைத்தல் நலம்.

தாத்தாவின் கைகள்

மேற்கண்டவற்றைக் கருதிய மாணவி, அதிக மெகாபிக்சல் கொண்ட புதிய கருவியை விடுத்து, ஒருவர் பயன்படுத்திய 24 மெகாபிக்சல் கருவியையும் 35 மி.மீ. எஃப் 1.8 வில்லையையும் தேர்ந்தெடுப்பாள். மிஞ்சும் பணத்தில் முக்காலியும் அட்டைகளும் வாங்குவாள். மறுநாள் காலை, கண்ணாடி ஓட்டின் வழியே வெளிச்சம் பாவின்மீது விழும் நேரத்தில் தறியருகே அமர்ந்து தாத்தாவின் முகத்தை நோக்கிக் கருவியை உயர்த்துவாள்.

“என் முகத்த எதுக்குக் கண்ணு எடுக்கற? கையை எடு. வேலை செய்யறது அதுதானே!” என்பார் அவர்.

கருவி தாழ்ந்து, நாடாவை எறியும் கையை நோக்கித் திரும்பும். 1/125 நொடியில் அந்தக் கையின் நரம்பும், விரலிடுக்கில் ஓடும் பட்டிழையும், ஐம்பது ஆண்டு உழைப்பில் தேய்ந்த நகமும் படத்தில் பதியும். அந்தச் சேலை முடிந்து தறி நின்றபின்னும் அப்படம் அவ்வீட்டில் இருக்கும். சீட்டுப் பணத்தைக் கொடுத்த தாய்க்கு, அது நல்லதாகப் பார்த்து வாங்கிய கருவிதான் என்பது அப்படத்தைக் கண்டதும் விளங்கிவிடும்.