செகண்ட் ஹேண்ட் கார்... ஃபர்ஸ்ட் கிளாஸ் செக்கிங்!

ஃபைனல் இயர் ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கூடுகிற மாநாடுகளில் இரண்டே தலைப்புகள்தான் நிரந்தரம். ஒன்று, கேம்பஸ் இன்டர்வியூ. இன்னொன்று, ‘வேலை கிடைச்சதும் முதல்ல என்ன வாங்குவே?’. அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்கு வாட்ச் என்று பாசமாக ஆரம்பிக்கிற லிஸ்ட், ஐந்தாவது நிமிஷம் காரில் வந்து நிற்கும். புது கார் என்றால் வருஷக்கணக்கில் இ.எம்.ஐ. கட்டவேண்டும். அதனால் எல்லோரும் கை காட்டுவது செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டை. ரெண்டு, ரெண்டரை லட்சத்தில் ஒரு குட்டி கார், ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர்., பின் ஸீட்டில் நாலு ஃப்ரெண்ட்ஸ்... ஆஹா!

பாஸ், அந்த ‘ஆஹா’தான் விற்கிறவரின் மூலதனமே. வாங்க வருவது இருபது வயசுப் பையன் என்றால் அலாய் வீல் பளபளக்கும், ஸ்பீக்கர் அதிரும், ஸீட் கவர் புதுசாக இருக்கும். ‘டாக்டர் ஓட்டின வண்டி’, ‘சிங்கிள் ஓனர்’, ‘கிளம்பினா அப்படியே கன்னியாகுமரி போகலாம்’ என்று டயலாக் வேறு. நாம் ஆளைப் பார்த்து மயங்காமல் இருக்க ஒரு ஆர்டர் வேண்டும். முதலில் பேப்பர், அப்புறம் பாடி, அப்புறம் இன்ஜின், கடைசியில்தான் விலை. ஏன் பேப்பர் முதலில்? கெட்டுப்போன பார்ட்டை மாற்றிவிடலாம். கெட்டுப்போன பேப்பரை எந்த மெக்கானிக்காலும் சரி பண்ண முடியாது!

பேப்பர் பேசட்டும்!

வண்டியைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே நம்பரை வாங்கிவிடுங்கள். மத்திய அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் அந்த நம்பரைப் போட்டால் எந்த வருஷத்து வண்டி, எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ், இன்ஷூரன்ஸ் எதுவரைக்கும் என்பது போன்ற அடிப்படை ஜாதகம் தெரிந்துவிடும். இ-சலான் தளத்தில் பாக்கி ஃபைன்களையும் பார்த்துவிடலாம். சிக்னல் தாண்டியது அவர், தண்டம் கட்டுவது நீங்களா?

நேரில் போனதும் ஒரிஜினல் ஆர்.சி.யைக் கேளுங்கள். அதில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும். சேஸிஸ் நம்பர் 17 இலக்கம். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்று, பூஜ்ஜியத்தோடு குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவே உலகம் முழுக்க அப்படி வைத்திருக்கிறார்கள். நம்பர் இருக்கிற இடத்தில் தேய்த்த தடமோ, புது பெயின்ட்டோ தெரிந்தால் டீக்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுங்கள்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வேண்டும். ‘லோன் எல்லாம் எப்பவோ முடிஞ்சுது தம்பி’ என்ற வாய்மொழி செல்லாது. வண்டியில் கேஸ் கிட் மாட்டியிருந்தால் அதுவும் ஆர்.சி.யில் ஏறியிருக்கணும். இல்லை என்றால் நாளைக்கு இன்ஷூரன்ஸ் கேட்கும்போது கம்பெனி கை விரிக்கும்.

வயசையும் பாருங்கள். சொந்த உபயோக காருக்கு ரிஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம்தான். அப்புறம் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கணும். அதற்கான மத்திய அரசுக் கட்டணமே 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகத் தாவியது. பதினாலு வருஷ வண்டி சீப்பாகக் கிடைப்பதன் ரகசியம் சில சமயம் இதுதான். வெளிமாநில நம்பர் வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. கட்டாயம். இங்கே வரி கட்டி, நம்பரும் மாற்றணும். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ‘சீப்’ என்ற வார்த்தை காணாமல் போய்விடும்.

தண்ணி காட்டிய கார்!

2015 டிசம்பர் சென்னை வெள்ளமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் ஞாபகம் இருக்கிறதுதானே? பார்க்கிங்கில் நின்ற கார்கள் ஸீட் வரைக்கும் மூழ்கின. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் வெள்ளம். மூழ்கின வண்டி வாட்டர் வாஷ், பாலீஷ் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்கு வந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ஒயரிங் மட்டும் மெதுவாகத் துருப்பிடித்து, ஒருநாள் நடுரோட்டில் காலை வாரும்.

கண்டுபிடிக்க சில வழிகள்: ஸீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கறை கோடு போட்டிருக்கலாம். கால்மிதிக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஸீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகள், டிக்கியில் ஸ்டெப்னி படுத்திருக்கும் பள்ளம், இங்கெல்லாம் துருவோ வண்டலோ இருந்தால் வண்டி குளித்திருக்கிறது. ஸ்டார்ட் பண்ணக்கூடாத நேரத்தில் யாராவது ஸ்டார்ட் பண்ணியிருந்தால் இன்னும் மோசம். காற்றை பிஸ்டன் அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே போன தண்ணீர் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். தெர்மல் சார் க்ளாஸில் தூங்கினவர்களுக்கான இலவச ரிவிஷன் இது!

பட்டி பார்த்த முகம்

வெயிலில் நிறுத்தச் சொல்லி, வண்டியின் பக்கவாட்டில் குனிந்து நீளமாகப் பாருங்கள். ஒரு கதவு மட்டும் கொஞ்சம் வேற கலரில் அடித்தால் டிங்கரிங் நடந்திருக்கிறது. கதவுக்கும் கதவுக்கும், பானெட்டுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவு, மட்கார்டு மேல் நகர்த்துங்கள். பிடிக்காமல் நழுவுகிற இடத்தில் இரும்புக்கு மேல் கனமாகப் பட்டி இருக்கலாம். (பம்பர் பிளாஸ்டிக், அங்கே ஒட்டாது. அதற்காக ஓனரோடு சண்டைக்குப் போகாதீங்க!)

பம்பர் கீறல், கதவு நசுங்கல் எல்லாம் நம்ம ஊர் டிராஃபிக்கில் சகஜம். பயப்பட வேண்டியது அடிச்சட்டத்துக்குத்தான். பானெட்டைத் திறந்து இரண்டு ஓரமும் இருக்கும் சட்டங்களில் மடிப்பு, புது வெல்டிங் தெரிந்தால் அது பெரிய விபத்தின் தழும்பு. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

கிலோமீட்டர் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், அதைத் திருப்புகிற கில்லாடிகள் உண்டு. முப்பதாயிரம் காட்டுகிற காரில் பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் கணக்கு இடிக்கிறது. கம்பெனி சர்வீஸ் பில்களில் தேதியோடு கிலோமீட்டரும் இருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தூங்குற இன்ஜினை எழுப்புங்க!

‘வந்துட்டிருக்கேன், ஸ்டார்ட் பண்ணாம வைங்க’ என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். சூடான இன்ஜின் பல பொய்களை மறைக்கும். போனதும் பானெட் மேல் கை வையுங்கள், ஜில்லென்று இருக்கணும். ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் பக்கம் ஒரு நண்பனை நிறுத்துங்கள். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாமல் வெள்ளைப்புகை என்றால் கூலன்ட் உள்ளே கசியலாம். கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. ஆயில் மூடிக்கு அடியில் காபி நுரை மாதிரி படிந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலக்கிறதா என்று மெக்கானிக் பார்த்தே ஆகணும்.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் செக் இன்ஜின், ஏர்பேக் விளக்குகள் எரிந்து, ஸ்டார்ட் ஆன கொஞ்ச நேரத்தில் அணையணும். அணையாவிட்டால் ஒரு பிரச்னை. எரியவே இல்லை என்றால் பெரிய பிரச்னை, யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம்! ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை அணைத்துவிடுங்கள். காலி ரோட்டில் பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, மேட்டில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் க்ளட்ச் வழுக்குகிறதா, ஸ்பீட் பிரேக்கரில் கீழே ‘கடகட’ கேட்கிறதா என்று காதால் ஓட்டுங்கள். கடைசியாகத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு விற்கிறவர் சம்மதிக்கவில்லை என்றால், அதுவே உங்களுக்கான பதில்.

உயிர் காக்கும் ஐட்டங்கள்

ஏ.பி.எஸ். பிரேக் எல்லாப் புது கார்களுக்கும் 2019 ஏப்ரலில் கட்டாயமானது. டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில். அதற்கு முந்தைய கார்களின் அடிப்படை மாடல்கள் பலவற்றில் இரண்டுமே இருக்காது. புதுசாக ஓட்டக் கற்ற நமக்குத்தான் அது அதிகம் தேவை. ஆடம்பர ஸ்பீக்கர் உள்ள வண்டியா, ஏர்பேக் உள்ள வண்டியா என்ற கேள்வி வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஸ்பீக்கரை அப்புறம் மாட்டிக்கலாம். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் டயருக்கு ஆயுள் முடிந்தது. நாலும் மாற்றணும் என்றால் ஐந்து இலக்கச் செலவு, அதை விலையில் கழியுங்கள்.

காசு கொடுக்கும் முன்...

‘ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, அட்வான்ஸ் போடுங்க, வண்டி வீட்டுக்கே வரும்’ என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள். இது பழைய மோசடி. வண்டியையும் ஆர்.சி. ஓனரையும் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கூடாது.

பெரும்பாலான பசங்க கோட்டை விடுவது கடைசி ஸ்டெப்பில். ஃபார்ம் 29, ஃபார்ம் 30-ல் கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்துவிட்டு, ‘செமஸ்டர் முடியட்டும், மெதுவா மாத்திக்கலாம்’ என்று விட்டுவிடுவார்கள். சட்டப்படி வாங்கினவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கணும். ஒரு கார் நாலைந்து கை மாறியும் ஆர்.சி.யில் பழைய ஓனர் பெயரே இருந்தது. 2009-ல் விபத்து நடந்து ஒருவர் இறந்தார். ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் சட்டத்தின் கண்ணில் ஓனர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது விற்கிறவருக்கும் பாடம், வாங்குகிறவருக்கும் பாடம். நாளைக்கு நீங்களும் ஒருநாள் அந்த காரை விற்பீர்கள்!

இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் அவருக்குத்தான் சொந்தம், வண்டியோடு வராது. வண்டியை எடுக்கும்போது தேதி மட்டுமில்லை, மணியும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட ரசீது வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவர் வாங்கின ஃபைன் மாலையில் உங்கள் தலையில் விழாது.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலையிலேயே கொட்டிவிடாதீர்கள். ஆயில், பேட்டரி, பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் என்று முதல் மாசமே பர்ஸ் திறந்தபடியே இருக்கும். ரெண்டரை லட்சம் இருந்தால் ரெண்டு லட்சத்து வண்டியைத் தேடுங்கள். ஒரு கார் கைநழுவிப் போனால் வருத்தப்படவும் வேண்டாம். மார்க்கெட்டில் வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. அப்பாவின் சேமிப்புக்கும் உங்கள் முதல் சம்பளத்துக்கும்தான் ஸ்டெப்னி கிடையாது!